டென்ட் எங்கே போடுவது: ஒகேனக்கல், நாகமரை, கே.ஆர்.பி. அணை, ஐயூர், வத்தல்மலை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது, “ஆத்தங்கரையிலேயே போட முடியுமா?” என்றுதான். காவிரியும் தென்பெண்ணையும் சின்னாறும் ஓடுகிற, ஏரிக்கும் அணைக்கும் குறைவில்லாத பகுதி இது. ஆசை வருவது இயல்பு. என் பதில் மட்டும் மாறுவதே இல்லை. தண்ணீரைப் பகலில் பாருங்கள், ராத்திரிப் படுக்கையை வேறு இடத்தில் போடுங்கள். எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டு ஒவ்வோர் இடமாக வருகிறேன்.

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் காவிரி தெற்கு சரணாலயம், சுமார் 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் இந்த இரண்டு மாவட்டங்களில்தான் இருக்கின்றன, அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு தொடர்கின்றன. அஞ்செட்டி, உரிகம், பென்னாகரம் பக்கத்தில் பார்த்தவுடன் “இங்கேயே போட்டுவிடலாமே” என்று தோன்றுகிற ஆற்றோர மணல்திட்டுகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோதான் வரும். அனுமதி இல்லாமல் உள்ளே போவதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது தனிக் குற்றம். “நாங்கள் குப்பை போட மாட்டோம் சார்” என்று சொல்வதெல்லாம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. மலபார் அணிலுக்கு உறவுக்காரனான சாம்பல் நிற மலையணிலும் நீர்நாயும் முதலையும் நிம்மதியாக இருக்கிற ஆற்றங்கரை இனி எவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது?

அடுத்தது வெள்ளம். காவிரியில் வெள்ளம் வருவதற்கு நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதே இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்து கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால் போதும், திறந்த தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லுக்குள் வந்துவிடும். ஆனி, ஆடியில் பென்னாகரத்தில் வெயில் கொளுத்தும்போதே கீழே ஆறு சேற்று நிறத்தில் பொங்கி ஓடுவது இதனால்தான். 2018 ஆகஸ்டில் நொடிக்கு இரண்டு லட்சம் கன அடியைத் தாண்டி வந்தது. தென்பெண்ணைப் பக்கம் நிலைமை வேறு. அங்கே வடகிழக்குப் பருவமழையில் புயல் வந்தால்தான் பயம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, ஏரி உடைந்து வந்த தண்ணீர் சாலையில் நின்ற வண்டிகளையே உருட்டிக்கொண்டு போனது. ஏரிக்கரைக்குக் கீழே டென்ட் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்தக் காட்சிகளை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு யோசிக்கட்டும்.

பிறகு யானை. ஐப்பசியிலிருந்து தை வரை கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக யானைகள் வருகின்றன. தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று காட்டுத் துண்டுகளில் பகலில் நின்றுவிட்டு இருட்டியதும் வயலுக்கு இறங்கும். விவசாயிகள் பரண்மேல் விடிய விடிய கண் விழித்துக் காவல் காப்பது அதற்காகத்தான். 2023 பிப்ரவரியில் பாலக்கோடு வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த மக்னா யானையை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, வனத்துறை பிடித்து ஆனைமலைக்குக் கொண்டு போனது. அடுத்த மாதமே மாரண்டஅள்ளி அருகே ஒரு தோட்டத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு மட்டும் பிழைத்தன. அந்தச் செய்தி இன்னும் என் மனதை அறுக்கிறது. டென்ட் போட வருகிறவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. யானையைக் கொன்ற கம்பி, ராத்திரி ஒதுங்கப் போகிற மனிதனையும் கொல்லும்.

சரி, இனி இடங்கள்.

ஒகேனக்கல்

அழகில் இதற்கு ஈடு இல்லை. தருமபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழியாகப் பேருந்து நிறைய. காட்டுக்குள் வளைந்து இறங்கும் சாலையின் கடைசியில் பாறைகளைப் பிளந்துகொண்டு காவிரி பல கிளையாக விழுவதைப் பார்த்தால் வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டுமில்லை, இங்கேயே பிறந்தவர்களும் ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள். பரிசல், எண்ணெய்த் தேய்ப்பு, மெயின் அருவியில் குளியல், வறுத்த மீன், அப்புறம் கொஞ்சம் தூக்கம். ஒரு பகலை நிரப்ப இவ்வளவும் இருக்கிறது.

ஆனால் டென்ட் போட ஒகேனக்கல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆற்றோரமெல்லாம் வனம் அல்லது பரிசல் துறை. முதலைகள் இந்த ஆற்றில் உண்மையிலேயே இருக்கின்றன. முதலை மறுவாழ்வு மையம் இங்கே இருப்பது வெறும் வேடிக்கைக்காக அல்ல. உயரம் குறைவு, சுற்றிலும் பாறை, அதனால் மாசி முடிந்ததும் ராத்திரிகூடப் புழுங்கும். டென்டுக்குள் படுத்தால் வெந்துபோவீர்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, தனியார் லாட்ஜுகள் இருக்கின்றன. அங்கே தங்குவதானால் கூரைக்குக் கீழே தங்குங்கள்.

போகும் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போட்டுவிடும். ஆனியிலிருந்து ஆவணி வரை இந்தத் தடை சர்வ சாதாரணம். ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடி என்பது நாளிதழ்களில் தினமும் வரும் செய்தி. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள் அதைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது. ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்கள் கூட்டத்துக்காகவே வருகிறவர்கள், அது தனி சந்தோஷம். அமைதி வேண்டுமானால் அந்த வாரம் மட்டும் வேண்டாம். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசிக்குள் வாருங்கள். தண்ணீர் தெளிந்து, அருவியும் மெலிந்துவிடாமல் இருக்கும்.

அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகவும் ஒகேனக்கல்லுக்குச் சாலை இருக்கிறது. காடு பார்க்க அருமையான வழி. பகலில் மட்டும் போங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் இரு சக்கர வண்டியில் போவது வீரம் இல்லை.

நாகமரை

ஒகேனக்கல்லைத் தாண்டினதும் காவிரி வேகம் அடங்கி மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரிகிறது. 1934-இல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கம் அது, முழுக்கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதன் தருமபுரிக் கரையில், ஏரியூருக்கு அப்பால் இருக்கிறது நாகமரை. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. இங்கிருந்து அங்கே பரிசலிலும் படகிலும் ஜனங்கள் அன்றாடம் வேலைக்கும் சந்தைக்கும் போய் வருகிறார்கள். அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அணை கட்டியபோது ஊரைக் காலி செய்து போனவர்களின் கோயில்கள் அவை.

பார்ப்பதற்கு எனக்கு ஒகேனக்கல்லைவிட நாகமரைதான் பிடிக்கும் என்று துணிந்தே சொல்வேன். கடை, கூட்டம், கூச்சல் எதுவும் இல்லை. மீனவர்கள் வலை உதறுவதைப் பார்த்துக்கொண்டு அரை நாள் உட்காரலாம். காலையில் போனால் அப்போது பிடித்த மீனை அங்கேயே வாங்கலாம்.

தங்குவதற்கு? வசதி என்று எதுவும் கிடையாது. நீர் வற்றிய கரை விளையாட்டுத் திடல்போலச் சமமாகக் கிடக்கும், டென்ட் போடச் சொல்லிக் கூப்பிடும். அது அணையின் நீர்ப்பிடிப்பு நிலம். தண்ணீர் விலகினால் சோளமும் உளுந்தும் விதைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே யாருடைய பயிர்மேல் கூடாரம் அடிக்கிறோம் என்பதும் கேள்வி. மேலே வெள்ளம் வந்தால் நீர்மட்டம் ஒரே ராத்திரியில் பல அடி ஏறும். காய்ந்த கரை என்று நம்பிப் படுப்பதற்கு இது கோயில் குளம் இல்லை. நாகமரைக்குக் காலையில் வந்து மாலையில் திரும்புங்கள்.

கே.ஆர்.பி. அணையும் மாந்தோப்புகளும்

குழந்தைகளோடு முதல்முறையாக டென்டில் தூங்கப் போகிற குடும்பத்துக்கு என் வாக்கு இந்தப் பக்கத்துக்குத்தான். கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம் என்பதைத்தான் எல்லோரும் கே.ஆர்.பி. அணை என்கிறார்கள். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது, 1958-இல் திறந்தார்கள், உயரம் 52 அடி. கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். பூங்கா இருக்கிறது, சுற்றிலும் மொட்டை மலைகள், மாலை வெயிலில் அணையின் தண்ணீர் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மின்னும். வெளியே வறுத்துக் கொடுக்கும் ஜிலேபி மீனுக்காகவே சேலத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

அணைப் பூங்காவிலோ கரையிலோ டென்ட் போட முடியாது. அணையைச் சுற்றியும் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி வரையிலும் மாந்தோப்புகள்தான். தோப்புக்காரர் ஒருவரைத் தெரிந்து வைத்திருந்தால், அல்லது தெரிந்தவர் மூலம் கேட்டால், ஒரு ராத்திரிக்குத் தோப்பில் தங்க அனுமதிப்பது இங்கே பெரிய விஷயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு தங்க வைக்கும் தோட்ட வீடுகளும் வந்துவிட்டன. சமதரை, நிழல், மோட்டார் கொட்டகையில் தண்ணீர், காவல்காரர் வீட்டில் கழிப்பறை. அவசரமென்றால் தேசிய நெடுஞ்சாலை கால் மணி நேரத்தில். யானைத் தொந்தரவு தளிப் பக்கத்தைவிட எவ்வளவோ குறைவு. குழந்தைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிற தாய்க்கு இவையெல்லாம்தான் பெரிசு. அருவிச் சத்தம் கேட்கவில்லை என்பது சின்னக் குறை.

எப்போது போவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரை மாங்காய் அறுவடை. செந்தூரா, மல்கோவா, கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா எல்லாம் பறித்து ஏற்றுகிற காலம். தோப்பில் இருபத்து நாலு மணி நேரமும் ஆளும் வண்டியும் இருக்கும், காவலும் கெடுபிடியாக இருக்கும். அப்போது போய் “டென்ட் போடட்டுமா அண்ணா” என்று கேட்டால் தோப்புக்காரர் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்ளலாம். பூக்கிற காலத்தில், தையிலும் மாசியிலும், மருந்து அடிப்பார்கள். என்றைக்கு அடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டு அந்த வாரத்தைத் தவிருங்கள். ஆடியில் திறந்த வெளியில் காற்று டென்டைப் பிடுங்கும். அம்மி பறக்கும் மாதம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனது இந்த மேட்டு நிலத்தில் மிகையில்லை. புரட்டாசியில் மழை இல்லாத ஒரு வாரம், அல்லது மார்கழி. இரண்டில் ஒன்று.

ஒன்றே ஒன்று. தென்பெண்ணையில் குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். நந்தி மலையில் பிறந்து வரும் இந்த ஆறு பெங்களூருவின் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் வெள்ளை நுரை மலைபோலக் குவிவது வருடா வருடம் செய்தியாகிறது. நம் ஆற்றுக்கு இந்தக் கதி வந்திருப்பதைப் பார்த்துக் கோபப்படாமல் இருக்க முடியவில்லை. கே.ஆர்.பி. அணைக்கு வரும்போது நுரை அடங்கியிருக்கும். தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கெலவரப்பள்ளி ஓரத்தில் தங்கும் யோசனை இருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள்.

மற்ற அணைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாரண்டஅள்ளிக்கு மேலே பஞ்சப்பள்ளி சின்னாறு அணை அழகுதான், யானை தண்ணீர் குடிக்க வருகிற இடம், ராத்திரி வேண்டாம். சேர்வராயன் மலையடிவாரத்தில் பாப்பிரெட்டிப்பட்டி வாணியாறு அணை மூன்று பக்கமும் மலை சூழ்ந்தது, பகலில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகத் தோதான இடம், அதற்குமேல் இல்லை. பாரூர் பெரிய ஏரிக்குப் பறவை பார்க்கிறவர்கள் விடியற்காலையில் போகலாம். கே.ஆர்.பி. பக்கத்துத் தோப்பில் தங்கினால் அதிகம் அலையாமல் போய்வரலாம்.

ஐயூரும் தேன்கனிக்கோட்டைக் காடும்

காட்டுக்காகவே வருகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு இல்லை. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை சுமார் 25 கிலோமீட்டர். அதைத் தாண்டி அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் திசையில் மேலகிரி மலைகள் எழும்புகின்றன. 3,000 அடிக்கு மேல் போனாலே காற்று மாறிவிடும். மார்கழியில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கேட்கும்.

இங்கே இரண்டு விதமாகத் தங்கலாம், இரண்டும் ஒன்றல்ல. ஐயூரில் வனத்துறையின் சூழல் பூங்காவும் ஓய்வு விடுதியும் இருக்கின்றன. வனத்துறையிடம் முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் எல்லைக்குள், அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றால் போகக்கூடாது. சிலருக்கு இது சிறைபோலத் தெரிகிறது. எனக்கு அதுதான் இந்த இடத்தின் பலமாகத் தெரிகிறது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அன்று காலையிலேயே தெரிந்து வைத்திருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் பக்கத்தில் இருக்கும்போது வருகிற தூக்கம், எவ்வளவு விலை கொடுத்த டென்டிலும் வராது.

நடப்பதற்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தார்கள். அதில் ஐயூர்–சாமேரி பாதையும் குத்திராயன் சிகரப் பாதையும் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். குத்திராயன் ஏறுவதற்குக் கால் பழக்கம் வேண்டும், ஐயூரில் தொடங்குவதே நல்லது. காட்டுத்தீ காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, மலையேற்றத்தை நிறுத்திவைப்பது வழக்கம். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் தீயில் போன பிறகு அந்த விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த மாதங்களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் திட்டமே போட வேண்டாம்.

இரண்டாவது வகை, தளி, தேன்கனிக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் பெங்களூருக்காரர்களை நம்பி நடக்கும் தனியார் கேம்ப்புகள். நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. படங்களில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், கயிற்றில் தொங்கும் மஞ்சள் பல்பு, நடுவில் தீ, சுற்றி நாற்காலி. அதனால் படத்தைப் பார்க்காமல் போன் போட்டுக் கேளுங்கள். இது பட்டா நிலமா? காப்புக்காடு எவ்வளவு தூரம்? வேலியில் மின்சாரம் பாய்கிறதா, பாய்ந்தால் சோலார் வேலியா, நேரடிக் கம்பியா? ராத்திரி முழுக்க ஆள் இருப்பாரா? பாட்டு எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்? “அதெல்லாம் ஒண்ணும் பிராப்ளம் இல்ல சார், ஆனை வந்தா நீங்களே பாக்கலாம்” என்று ஒருவர் பதில் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யானை வருவதை விளம்பரமாகச் சொல்கிறவர் உங்கள் உயிரையும் யானையின் உயிரையும் ஒரே நேரத்தில் பணயம் வைக்கிறார். பக்கத்தில் கேழ்வரகு விளைந்து நிற்கும் மாதங்களில் காட்டை ஒட்டிய எந்தத் தனியார் கேம்ப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பொங்கல் விடுமுறை சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வத்தல்மலை

தருமபுரி நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் சுமார். ஏறக்குறைய 3,500 அடி உயரம். காப்பி, மிளகு, சில்வர் ஓக், நடுவில் சாமையும் கேழ்வரகும். மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். சாலை வருவதற்கு முன்னால் உடம்பு சரியில்லாதவர்களைத் தொட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய மலை இது. இப்போது கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏறுகிறது.

பெரிய ஏரியோ ஆறோ மலைமேல் இல்லை. தண்ணீர்தான் முக்கியம் என்பவர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் படுக்கைக்கு மட்டும் இடம் தேடினால், இந்தப் பட்டியலில் வத்தல்மலைக்குத்தான் முதல் இடம் தருவேன். சித்திரையில் தருமபுரி அனலாகக் காயும்போதும் மேலே ராத்திரி குளிர்காற்று வரும். பகலில் ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு, தருமபுரி வந்து சாப்பிட்டு, நாலரை மணிக்குள் மலையேறிவிட்டால் இருட்டுவதற்குள் டென்ட் அடித்துவிடலாம். இறங்குகிற வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரிலேயே இறங்கத் தெரிந்தவர் வண்டியை ஓட்டட்டும். பனி மூடினால் ஏறுவதையே தள்ளிப்போடுங்கள்.

இங்கே தங்குவது ஊர்க்காரர்களின் தோட்டத்தில்தான். கேட்டு, அவர்கள் சொல்லும் தொகையைக் கொடுத்து, அவர்கள் வீட்டிலேயே களியும் கொள்ளுக் குழம்பும் செய்து தரச் சொல்லிச் சாப்பிடுங்கள். பணம் அந்தக் குடும்பத்துக்குப் போவது ஒரு பக்கம். அந்தச் சாப்பாட்டுக்காகவே இன்னொரு முறை வருவீர்கள். கழிப்பறை வசதி எல்லாத் தோட்டத்திலும் இருக்காது, பெண்கள் கூட வந்தால் முன்னாலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மது பாட்டிலோடு வந்து பாறைமேல் உடைத்துவிட்டுப் போகிற கூட்டத்தால் ஊர்க்காரர்கள் வெளியாட்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் நிலை வந்துகொண்டிருக்கிறது. அதை மேலும் கெடுக்காமல் இருந்தால் நல்லது.

யாருக்கு எது

பத்து வயதுக்குள் குழந்தைகள் இருந்தால் கே.ஆர்.பி. பக்கத்து மாந்தோப்பு. தாத்தா பாட்டியும் வருவதாக இருந்தால் டென்டை மறந்துவிட்டு ஒகேனக்கல்லில் அறை எடுங்கள், அவர்களுக்கு அருவியும் மீனும் போதும். கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்றால் வத்தல்மலை, பைக்கை நிதானமாக ஓட்டுவதாக வாக்குக் கொடுத்தால். பறவை, பூச்சி, மரம் என்று பார்க்கிற கண் இருப்பவர்களுக்கு ஐயூர், வனத்துறை விடுதியில். எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், யாரோடும் பேசாமல் ஒரு பகல் இருக்க வேண்டும் என்கிறவர்கள் நாகமரைக்குப் போய்விட்டுத் தருமபுரிக்குத் திரும்பி விடுதியில் தூங்குங்கள்.

கையில் இரண்டு நாள் இருந்து, காரும் இருந்தால் நானே தேர்ந்தெடுக்கும் வழி இது. முதல் நாள் விடிகாலையில் ஒகேனக்கல், மதியத்துக்குமேல் வத்தல்மலை ஏறி அங்கே ராத்திரி. மறுநாள் இறங்கி கிருஷ்ணகிரி வழியாக அணையைப் பார்த்துவிட்டு வீடு. ஐயூரை இதோடு சேர்க்க வேண்டாம். அது எதிர்த்திசை, அவசரமாகப் பார்க்கிற இடமும் இல்லை. அதற்கென்று தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

எங்கே தங்கினாலும் கவனிக்க வேண்டிய சிலது உண்டு. இந்த மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல தலைமுறைப் பற்களில் அந்தக் கறையைப் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஒரு ராத்திரி போர்வெல் தண்ணீர் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் குடிக்கவும் சமைக்கவும் வீட்டிலிருந்தே கேனில் கொண்டு வந்தால் பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும் வேலையும் மிச்சம்.

பாம்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில் திரிகிற பாம்பு. கடித்த வலி பெரிதாகத் தெரியாது, அதனாலேயே தூக்கத்தில் கடிபட்டவர்கள் பூச்சி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். திறந்த வெளியில் பாய் விரித்துப் படுப்பதைவிட, அடித்தளம் தைத்த, ஜிப் முழுக்க மூடுகிற டென்ட் பல மடங்கு மேல். செருப்பையும் ஷூவையும் உள்ளேயே வையுங்கள், காலையில் போடுமுன் தட்டுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை டென்டுக்குப் பக்கத்தில் போட்டால் எலி வரும், எலியின் பின்னால் பாம்பு வரும். காரணம் தெரியாமல் யாருக்காவது வயிறு வலித்து, கண் இமை தொங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, விஷமுறிவு மருந்தும் அங்கே உண்டு. டென்ட் போடும் இடத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும், செல்போன் சிக்னல் எங்கே வரை கிடைக்கிறது என்ற இரண்டையும் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.